பீரங்கிக் குண்டு விழுந்த ஊர்களிலிருந்து தில்லை வரை

கடலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சற்று நேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கெடிலத்தின் முகத்துவாரத்தை ஒட்டிச் சிதைந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்களை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் அக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையைச் சுற்றியுள்ள நிலத்தில் எவ்வளவு தங்களைச் சேர்ந்தது என்பதை நிர்ணயிக்க ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைப் பல திசைகளிலும் சுடுவது. குண்டு எங்கெங்கே போய் விழுகிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்கள் யாவும் கும்பினிக்குப் பாத்தியம். அவ்வூர்களில் உழுதுகொண்டும் வலை உலர்த்திக்கொண்டும் இருந்த குடிகளுக்கு அந்த வேட்டுச் சத்தமே தாக்கீதாக அமைந்தது. குண்டு கிராமங்கள் என்று அவை பின்னர் வழங்கலாயின. கடலூருக்கு வடக்கே குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் பஸ்ஸின் நெற்றிப் பலகையில் காணக் கிடைக்கிறது.

பின்னால் வந்த உத்தியோகஸ்தர்கள் பேனாவை எடுத்துக்கொண்டார்கள். கார்ஸ்டின் துரை 1878-இல் தென்னாற்காடு ஜில்லாவின் மானுவலையும், பிரான்சிஸ் துரை 1906-இல் அதன் கெஜட்டியரையும் எழுதினார்கள்; சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் அகராதி வரிசையில் அடுக்கி 1909-இல் ஏழு பாகங்களாக வெளியிட்டார். அந்நூல்களில் பயனில்லை என்று நான் சொல்லமாட்டேன்; நம் பாட்டனார் காலத்து வழக்கங்களில் பல, வேறெங்கும் பதிவாகாமல் அவற்றின் பக்கங்களில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஆயினும் மனிதனின் மூக்கை நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்து, அந்த விகிதத்திலிருந்து அவனுடைய குலத்தின் தராதரத்தைக் கணிக்கலாம் என்று ஒரு தலைமுறை அறிஞர்கள் மெய்யாகவே நம்பினார்கள் என்பதும், அந்த அளவுக்கருவிகளோடு தர்ஸ்டன் ஊர் ஊராகச் சென்றார் என்பதும், போலீஸாருக்கே அவ்வித்தையைக் கற்பித்தார் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. கேளாமல் எல்லை வகுப்பது என்ற விஷயத்தில், குண்டுக்கும் அந்தக் கருவிக்கும் உறவு உண்டு.

இவற்றையெல்லாம் நான் நினைக்க நேர்ந்ததற்குக் காரணம் என் மருமகள்; தங்கையின் மகள். தில்லியில் பி.எஸ்ஸி. பட்டத்துக்கு மானிடவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கிறவள். இறுதியாண்டுக் களஆய்வுக்கு எந்தத் தேசத்தை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம் என்ற சலுகை இருந்தும், தன் தாயாரின் ஜில்லாவையே வரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, வழியில் உள்ள ஊர்களில் தங்கி மனிதர்களோடு பேசிச் செல்வது அவளுடைய திட்டம். துணைக்குச் செல்வது என்னுடைய கடமையாகவும் ஆசையாகவும் ஆயிற்று.

மானிடவியல் நம் நாட்டுச் சர்வகலாசாலைகளுக்குப் புதியதன்று. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவில் அதற்குத் தனித்துறை ஏற்பட்டது. கொச்சி ராஜ்யத்தின் குலங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் அங்கே ஆசிரியராக அமர்ந்தார். சென்னைச் சர்வகலாசாலையில் 1945-இல் துறை தோன்றியது. இந்திய மானிடவியல் அளவீட்டு நிறுவனம் பிறந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான். சென்னை மியூசியத்தில் தர்ஸ்டன் அமர்ந்த ஆசனத்தில், லண்டனில் மாலினோவ்ஸ்கியின் மாணாக்கராயிருந்து திரும்பிய ஏ. ஐயப்பன் 1940-இல் அமர்ந்தார். இத்தனை இருந்தும் இந்த சாஸ்திரம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதுகலை மாணவர்களின் சொத்தாகவே நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை, அடுத்த மூன்றாண்டும் மனிதனைப் பற்றியே படிப்பேன் என்று கூறினால், அதற்கு இடங்கொடுக்கும் கல்லூரி தமிழ்நாட்டில் அரிதினும் அரிது. வடக்கே போகவேண்டும், அன்றேல் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தபால் வழியே படிக்கவேண்டும்.

அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள் என்று கேட்டேன். முதலாண்டில் எலும்புகளும் மண்டையோடுகளும் இரத்தப் பிரிவுகளும் கைரேகைகளும். பிறகு கற்கருவிகளும் பானையோடுகளும். அதன்மேல் உறவுமுறை, விவாகம், சொத்து, சடங்கு, பேச்சு. உடலும் புதைபொருளும் மொழியும் சமுதாயமும் ஒரே மாணவனின் ஒரே மேசைக்கு வந்து சேரும் படிப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. “பிராக்டிகல் வகுப்பிலே ஒருத்தர் மூக்கை ஒருத்தர் அளக்கிறோம் மாமா. அளந்துமுடித்த பிறகு, இந்த அளவை வைத்து முன்னே என்னவெல்லாம் சொன்னார்கள், அது எப்படிப் பொய்த்தது என்பதையும் சேர்த்தே படிக்கிறோம்” என்றாள். தன்னுடைய பழைய பாவத்தைப் பாடத்திட்டத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாஸ்திரத்தின்மீது எனக்கு மரியாதை உண்டாயிற்று.

தேவனாம்பட்டினத்து மீனவர் குடியிருப்பில், படகுகள் கரையேறி மீன் ஏலம் முடிந்து, பெண்கள் கூடைகளோடு பஸ் ஏறப் போய்விட்ட முற்பகலில், பெரியவர் ஒருவர் எங்களுக்குத் தம் ஊரின் அமைப்பை விளக்கிச் சொன்னார். பட்டினவர் ஊர்களில் பஞ்சாயத்து என்பது சர்க்கார் தேர்தல் நடத்தி ஏற்படுத்துவதன்று. ஊரார் தாமே அமைத்துக்கொண்டது. எந்த வலையைப் போடலாம், எதைப் போடலாகாது என்பது முதல், கோயில் திருவிழாவுக்கு யார் எவ்வளவு செலுத்துவது என்பது வரை அதன் தீர்ப்பே முடிவு. இந்தப் பஞ்சாயத்துகள் கோரமண்டலக் கரையில் மீன்பிடிப்பை எங்ஙனம் நெறிப்படுத்துகின்றன என்பதைப்பற்றி ஹாலந்து தேசத்து அறிஞர் மார்ட்டன் பாவின்க் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த அமைப்பின் அளவுகோல் தலைக்கட்டு. விவாகமான ஆண்மகன் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் வரி செலுத்துகிறான். ஊருக்கு வருவதில் அவனுக்குப் பங்கு உண்டு.

இது சாதாரணக் காலத்தில் ஓர் ஊர் வழக்கம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் ஏறி வந்து இந்த ஜில்லாவில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போன பிறகு, அதுவே ஜீவமரணப் பிரச்சினையாக மாறியது. லாரி லாரியாக வந்த அரிசியும் பாத்திரமும் துணியும் ஊர்ப் பஞ்சாயத்தின் வழியே தலைக்கட்டுக் கணக்கில் பங்கிடப்பட்டன. அதைவிட விரைவாகவும் ஒழுங்காகவும் வேறெவரும் பங்கிட்டிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் புருஷனை இழந்த பெண் தலைக்கட்டா? படகு இல்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போனவனும், மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்றவளும், ஊருக்கு அப்பால் உப்பங்கழியில் இறால் தேடி வாழ்ந்த இருளரும் எந்தக் கணக்கில் அடங்குவார்கள்? கரை நெடுகிலும் இந்தக் கேள்வி எழுந்தது. விடை கிடைக்கச் சில இடங்களில் மாதங்கள் ஆயின. உறவுமுறைப் படம் வரைவதையும், குடும்பம் என்பதற்கு ஓர் ஊரில் என்ன பொருள் என்று விசாரிப்பதையும் வெறும் ஏட்டுப் படிப்பு என்று எண்ணுகிறவர்கள், நிவாரண அரிசி பங்கிடப்பட்ட அந்த முற்றத்தில் நின்றிருக்கவேண்டும். தலைக்கட்டின் பொருளை அறிந்த இளைஞர் ஒருவர் ஒவ்வொரு தாலுக்கா அலுவலகத்திலும் அன்று இருந்திருப்பாரானால், பட்டியலில் விட்டுப்போனவர்கள் முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருப்பார்கள் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பெரியவர் பேசி முடித்த பிறகு, “நீ எந்த ஊரு தாயி? உங்கப்பாரு என்ன பண்றாரு? கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?” என்று மருமகளை விசாரிக்கத் தொடங்கினார். அவளும் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள்.

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து தெற்கே செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஊருக்கு ஊர் நின்று போகும் வண்டி. இடப்புறம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் கடல் இருப்பதைக் காற்றின் உப்பு மட்டும் அறிவித்துக்கொண்டே வரும். சர்க்காருக்கு இந்த ஜில்லா 1993 வரை இன்றைய விழுப்புரத்தையும் உள்ளடக்கிய தென்னாற்காடாக இருந்தது. அந்தப் பழைய ஜில்லாவின் ஓர் ஊரைப்பற்றி ரயிலில் அவளுக்குச் சொன்னேன். அவள் கேள்விப்பட்டிராத விஷயம் என்பதால் எனக்கும் உற்சாகம் மிகுந்தது.

சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், புத்தகத்தில் படித்த இங்கிலாந்துப் பொருளாதாரத்தை ஒப்புவிக்கும் மாணவர்களைக் கண்டு திருப்தியடையாமல், விடுமுறையில் சொந்தக் கிராமத்துக்குப் போய் அதையே ஆராய்ந்து எழுதி வரும்படி அவர்களை ஏவினார். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எவ்வளவு கடன், கூலி தானியமாகவா காசாகவா, எந்தத் தெருவில் எவர் என்பன போன்ற விவரங்களைத் திரட்டி மாணவர்கள் கொணர்ந்த வரலாறுகள் 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்னும் பொருள்பட்ட ஆங்கில நூலாயின. அந்தத் தொகுதியில் இராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரமும், திருநெல்வேலியின் கங்கைகொண்டானும், தஞ்சாவூரின் பாலக்குறிச்சியும், வடஆற்காட்டின் தூசியும் இருக்கின்றன. தென்னாற்காட்டிலிருந்து இடம்பெற்றது இருவேல்பட்டு. 1916-இல் ஒரு கல்லூரி மாணவர் இட்ட அந்த அடித்தளத்தின்மேல் 1930-களின் பிற்பகுதியில் மறு ஆய்வு நிகழ்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் அங்கே சென்று எழுதினார்கள்; 2008-இல் ஜான் ஹாரிஸும் ஜெ. ஜெயரஞ்சனும் கே. நாகராஜும் மீண்டும் சென்றார்கள். ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஒரே கிராமத்தில் நிலம் எப்படிக் கைமாறியது, பண்ணையாள் எப்படிக் கூலியாளானான், பெருநிலக்கிழாரின் ஆட்சி எப்படித் தளர்ந்தது, சேரிக்கும் ஊருக்கும் இடையே எது மாறி எது மாறவில்லை என்பதைத் தொடர்ச்சியாகக் காட்டும் ஆவணங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அந்தத் தொடர்ச்சியின் முதற்கண்ணி, பட்டம் பெறாத ஓர் இளைஞரின் விடுமுறை வேலை.

இளநிலை மாணவர்களுக்குக் களஆய்வு எட்டாது, அவர்கள் பாடப்புத்தகத்தைப் படித்தால் போதும் என்று வாதிடும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு இருவேல்பட்டைக் காட்டுவேன். இருபது வயதில் ஒருவனுக்குத் தன் ஊர் முற்றிலும் பழகியதும் அன்று, முற்றிலும் அந்நியமும் அன்று. கல்லூரிக்குப் போய்த் திரும்பும்போதுதான் தன் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும் என்பது முதன்முறையாக அவன் கண்ணில் உறைக்கிறது. இன்னும் பத்தாண்டு போனால் ஒன்று அது மரத்துவிடும். அல்லது அவன் ஊருக்கே வரமாட்டான்.

கிள்ளையில் இறங்கிப் பிச்சாவரத்துக் கழிமுகத்துக்குப் போனோம். சுரபுன்னைக் காட்டையும் அதனூடே படகு செல்லும் கால்வாய்களையும் வர்ணிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தக் காடு ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்துப் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது என்று பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் ஆய்வாளர்கள் 2005-இல் எழுதியதும் பலர் அறிந்ததே. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லைமரம் இப்போது கோயிலைச் சுற்றி வனமாக இல்லை, இந்தக் கழியோரத்தில்தான் நிற்கிறது என்பதையும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் என்பதையும் மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். நாங்கள் தேடிப் போனது இருளரை.

நீர் வற்றத் தொடங்கும் நேரம். நான்கைந்து பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கைகளும் சேற்றில் துழாவுகின்றன. விரலில் இறால் தட்டுப்பட்ட கணத்தில் உள்ளங்கை கவிந்து அமுக்குகிறது. பல்லில் கவ்வியிருக்கும் பறிக்குள் இறால் போய் விழுகிறது. முகம் நிமிர்வதற்குள் கை மறுபடி சேற்றில். பறி என்பது பனையோலையால் முடைந்த குறுகிய வாய்க் கூடை. எந்த மண்ணில் எந்த இறால் பதுங்கும், நிலவு வளரும் பக்ஷத்தில் எந்த வாய்க்காலில் இறங்கலாம், எங்கே சிப்பி காலைக் கிழிக்கும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும். கரைக்கு வந்த மூதாட்டி ஒருத்தியின் கைகளை என் மருமகள் கேட்டு வாங்கிப் பார்த்தாள். விரல்நுனிகளில் தோல் வெளுத்துச் சுருங்கி, இறால் முள் குத்திய வடுக்கள் பழையதும் புதியதுமாய்ப் புள்ளியிட்டிருந்தன; இடதுகைச் சுட்டுவிரலின் நகம் பாதி இல்லை.

தர்ஸ்டன் தம் நூலின் இரண்டாம் பாகத்தில் நீலகிரி இருளரைப்பற்றியும், வில்லியர் என்றும் பெயர்பெற்ற செங்கற்பட்டு, வடஆற்காடு, தென்னாற்காட்டு இருளரைப்பற்றியும் எழுதியிருக்கிறார். பெயர் ஒன்று, வாழ்க்கை வேறு வேறு. மலை இருளருக்குத் தனிமொழி உண்டு. சமவெளியிலும் கடலோரத்திலும் வாழும் இருளர் பேசுவது தமிழ். தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் மிகவும் நலிந்த நிலையிலுள்ளவையென்று மத்திய சர்க்கார் வகுத்த ஆறனுள் இருளரும் அடங்குவர். சட்டம் இவ்வாறு தெளிவாயிருந்தும், சமவெளி இருளப் பிள்ளை ஒன்று பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்கு வருவாய்க் கோட்டாட்சியரின் வாசலில் நிற்கும்போது, நீ மலையில் இல்லையே, உனக்குத் தனிப்பேச்சு இல்லையே, மீன்தானே பிடிக்கிறாய் என்ற சந்தேகங்கள் எழுகின்றன. பெற்றோரிடம் பழைய சான்றிதழ் இல்லை, அவர்களைப் பெற்றவர்களிடம் பள்ளிக்கூடத்து வாசமே இல்லை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோகிறது. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் முதலிய அமைப்புகள் பல்லாண்டுகளாக இதற்காகவே மனுவும் கையுமாக நடந்துவருகின்றன.

இங்கேதான் மானிடவியல் வகுப்பறையை விட்டு வெளியே வந்து மனிதனின் தலைவிதியைத் தொடுகிறது. குமாரி மாதுரி பாட்டீல் என்பவரின் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், பழங்குடிச் சான்றிதழில் ஐயம் எழுந்தால் எப்படி விசாரிக்கவேண்டும் என்று விதித்தபோது, அந்தக் குலத்துக்குரிய மானிடவியல் இயல்புகளையும் தெய்வங்களையும் விவாகச் சடங்கையும் ஈமச் சடங்கையும் பிணம் அடக்கும் முறையையும் மனுதாரர் அறிந்திருக்கிறாரா என்று பரிசோதிக்கச் சொன்னது. பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த விதிதான். ஆனால் நகரத்தில் பிறந்து வளர்ந்த பழங்குடிப் பிள்ளைக்குத் தன் கொள்ளுப்பாட்டனின் சடங்கு தெரியாமற் போனால் அவன் பழங்குடி அல்லாதவன் ஆகிவிடுவானா? 2023-இல் அதே நீதிமன்றம், அந்தச் சோதனை ஒன்றையே முடிவான உரைகல்லாகக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்தியது. தர்ஸ்டனின் பக்கத்தை வைத்துக்கொண்டு மனிதனைச் சரிபார்ப்பதற்கும், மனிதனை வைத்துக்கொண்டு தர்ஸ்டனின் பக்கத்தைத் திருத்துவதற்கும் உள்ள பேதத்தை உணர்ந்தவர்கள் விசாரணையில் அமரவேண்டும். அத்தகையவர்களை எங்கிருந்து கொண்டுவருவது என்பதே கேள்வி. ஜில்லாவுக்கு ஒரு கல்லூரியிலாவது இப்படிப்பு இருந்து, அதில் இருளப் பிள்ளைகளும் மீனவப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் அமர்ந்து, தம் வீட்டைத் தாமே எழுதும் நாள் வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

அந்த மூதாட்டியிடம் மருமகள் சடங்குகளைப்பற்றிக் கேட்கவில்லை. இறாலைப்பற்றிக் கேட்டாள். அதிலிருந்து பேச்சு கன்னியம்மனுக்குப் போயிற்று, மாசி மகத்துக்குப் போயிற்று, மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் திரள்வதற்கும், அதே மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் இந்தக் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது தைக்கால் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வதற்கும் போயிற்று. நீதிமன்றம் பட்டியலிட்ட அத்தனையும் கேளாமலே வந்து சேர்ந்தன. கடைசியில் மூதாட்டி, “எத்தினியோ பேரு வந்து எழுதிக்கினு போறாங்க. எழுதுனத எங்கிளுக்குப் படிச்சிக் காட்டுனது ஒருத்தருமில்ல. நீயாச்சும் படிச்சிக் காட்டுவியா?” என்று கேட்டாள். மருமகள் உடனே விடை கூறவில்லை.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் போனபோது உச்சிக்கால பூஜைக்கு மணியடித்துக்கொண்டிருந்தது. தில்லை மூவாயிரவர் என்று பரம்பரை கூறும் பொது தீட்சிதர்களின் சமூகம் உலகத்து மானிடவியலாரின் கவனத்தை நெடுநாளாக ஈர்த்துவருவது. உச்சியில் ஒருபுறமாய்ச் சாய்த்து முடிந்த குடுமி. தமக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை. விவாகமான ஆண்மகனுக்கே நடராஜப் பெருமானைத் தொட்டுப் பூஜிக்கும் உரிமை. பெரியவர் சிறியவர் என்றில்லாமல் முறைவைத்துச் சுற்றும் கைங்கர்யம். யாவரும் கூடித் தீர்மானிக்கும் சபை. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகத்தைப்பற்றி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, அவர்கள் தனியானதொரு சமயப் பிரிவினர் என்பது அந்தத் தீர்ப்பின் ஆதாரங்களுள் ஒன்றாயிற்று. தேவனாம்பட்டினத்தில் விவாகமானவன் தலைக்கட்டு. தில்லையில் விவாகமானவன் பூஜைக்கு அதிகாரி. கடற்கரையிலும் கனகசபையிலும் ஒரே விதி இரு வேஷத்தில் நிற்பதை என் மருமகள்தான் முதலில் சுட்டிக் காட்டினாள்.

கோயிலில் நாங்கள் பேசிய முதிய தீட்சிதரும், பட்டினத்துப் பெரியவரைப் போலவே, முதலில் அவளுடைய தாய்வழியையும் தந்தைவழியையும் ஊரையும் விசாரித்துவிட்டே மற்றப் பேச்சை எடுத்தார். 1901-இல் நீலகிரிக்கு வந்து தோடரிடையே தங்கிய ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேயர், வம்சாவளியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாலே ஒரு சமூகத்தின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும் என்று கண்டு, அதை ஒரு முறையாகவே வகுத்தார். நம்மூர்த் திண்ணைகளில் அந்த விசாரணை எந்நாளும் நடந்துகொண்டேயிருக்கிறது. எதிரில் நிற்பவரை எந்த இடத்தில் வைப்பது என்று அறிவதற்காகத் திண்ணை கேட்கிறது. அந்த இடங்கள் ஏன் அப்படி அமைந்தன என்று அறிவதற்காக மாணவி கேட்கிறாள். கேள்விகள் ஒன்றாயிருந்தும் நோக்கம் வேறாவதனால், நம் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் பாதி முன்பே தெரியும். மறுபாதிக்குத்தான் ஆசிரியர் வேண்டும்.

அம்மறுபாதியைக் கற்பதற்குச் சிதம்பரத்தைப் போன்ற ஸ்தலம் கிடைப்பது அரிது. கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓமக்குளம் இருக்கிறது. நந்தனார் தீயில் இறங்கியது அங்கேதான் என்பது ஐதிகம். பக்தியின் உச்சம் என்று ஒரு சாராரும், வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவனுக்கு நேர்ந்த கதி என்று மற்றொரு சாராரும் அந்தத் தீயைப் படிக்கிறார்கள். 1916-இல் சுவாமி சகஜானந்தர், அதே நந்தனாரின் பெயரால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வூரில் ஒரு பள்ளியை நிறுவினார். இருவேல்பட்டில் ஒரு மாணவர் ஏர்களை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டு. ஒரே கதை கோபுரத்தருகே ஒரு விதமாகவும் பள்ளி முற்றத்தில் வேறு விதமாகவும் சொல்லப்படுவதை, இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கப் பழகிய மாணவனால், எந்தச் சமூகத்தையும் ஒற்றைக் குரலில் எழுதிவிட முடியாது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தோற்றுவித்த சர்வகலாசாலைக்கு மாலையில் சென்றோம். தமிழும் இசையும் அங்கே பெற்ற ஆதரவு உலகறிந்தது. மொழியியல் துறையின் உழைப்பு அவ்வளவாக வெளியே தெரியாது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் ச. அகத்தியலிங்கமும் வளர்த்த அத்துறையிலிருந்து இளைஞர்கள் மலைகளுக்கும் காடுகளுக்கும் சென்று, எழுத்தில்லாத மொழிகளைக் காதால் கேட்டு இலக்கணம் எழுதிக் கொணர்ந்தார்கள். பெரியாழ்வார் எழுதிய இருள மொழி ஆய்வுநூலும் அவ்வுழைப்பின் பயன்களுள் ஒன்று. இந்தச் சர்வகலாசாலையே எழுபதுகளின் இறுதியில் அதனை வெளியிட்டது. அது மலை இருளரின் மொழி. கிள்ளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அச்சான அந்நூலை அந்த மூதாட்டியிடம் வாசித்துக் காட்டினால் பெரும்பகுதி அவளுக்கு அந்நியமாகவே ஒலிக்கும். இரண்டு மக்களையும் ஒரே பெயரால் அழைக்கும் சர்க்காரும், வேற்றுமையைக் காரணம் காட்டிச் சான்றிதழ் மறுக்கும் அதிகாரியும் சேர்ந்து கற்றுக்கொள்ளவேண்டியது அந்த இடைவெளியில் இருக்கிறது. மொழியியலில் இவ்வளவு தூரம் சென்ற ஸ்தாபனம் இது. தொல்லியலுக்கு 2024-இல் அகழப்பட்ட மருங்கூர் போன்ற ஸ்தலம் இந்த ஜில்லாவிலேயே அமைந்திருக்க, கடலும் கழியும் கோயிலும் சேரியும் சுற்றிலும் இருக்க, இளநிலையில் மானிடவியலைத் தொடங்குவதற்கு இதைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாடநூல் இல்லை என்றும் கூறமுடியாது. பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ 1990-லேயே தமிழில் வந்துவிட்டது.

இரவு விடுதியில் மருமகள் தன் குறிப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் எழுதினாள். தில்லிக்கு அனுப்பவேண்டிய ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் அதைத் தமிழில்தான் முதலில் எழுதப்போவதாகவும், எழுதியதைக் கிள்ளைக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துக் காட்டப்போவதாகவும், அவர்கள் தவறென்று சொல்லும் இடங்களைத் திருத்தியும், எழுதவேண்டாம் என்று சொல்லும் இடங்களை நீக்கியும் ஆன பிறகே ஆங்கிலப் பிரதி தயாராகும் என்றும் சொன்னாள். “அதற்குள் கெடு முடிந்துவிட்டால்?” என்று கேட்டேன். கெடுவை நீட்டித் தரும்படி பேராசிரியருக்கு அன்று மாலையே கடிதம் போட்டுவிட்டதாகக் கூறிவிட்டு, மறுநாள் காலைப் பாசஞ்சர் கிள்ளைக்கு எத்தனை மணிக்கு என்று விசாரிக்கக் கீழே இறங்கிப் போனாள்.